நுனி கிள்ளிய வெள்ளிக்கிழமை

நாற்றுப்பண்ணைக்காரரின் மூத்த மகள் வளர்ந்த ஒன்பது ஆண்டுகளில், அவளுடைய தம்பிகள் இருவரும் தங்கையும் ஓர் அங்குலம்கூட வளரவில்லை. காரணம் வேர்ப்பொடி. நடும் குச்சிகள் விரைந்து வேர்பிடிப்பதற்காக அடியில் தொட்டு வைக்கும் அந்த வெள்ளைத் தூளை அவள் வெறுங்கையால் எடுத்தாள்; வியர்த்தபோதெல்லாம் அதே கையால் உச்சந்தலையைத் துடைத்தாள். கையுறை அணிய வேண்டுமென்று டப்பாவின் மீது மூன்று மொழிகளில் அச்சிட்டிருந்தார்கள். அவ்வீட்டில் எவரும் எதையும் முழுதாகப் படிப்பதில்லை.

பதினாறு வயதில் கதவுநிலையைத் தாண்டினாள்; இருபதில் ஏணியின்றியே கண்ணாடிக் குடிலின் கூரைச் சன்னல்களைத் திறந்தாள்; இருபத்தைந்தில் மூன்று தெருக்களுக்கு அப்பால் வரும் மழையைக் கண்டு, துணி காயப்போட்டவர்களுக்குக் குரல் கொடுத்தாள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. தம்பிகளுள் தையல்காரன் முக்காலி மீது நின்று துணி வெட்டினான். தபால்காரன் குதித்துக் குதித்துப் பெட்டிகளில் கடிதம் போட்டான். கடைக்குட்டியைச் சுண்டு என்றார்கள். தகப்பனார் மூவருக்கும் முட்டை கொடுத்தார், காலை வெயிலில் வரிசையாக நிறுத்தினார், படுக்கையை இடம் மாற்றினார். பருவத்துக்குப் பத்தாயிரம் செடிகளின் நுனியைக் கிள்ளுகிறவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

சுண்டுவுக்குப் பேருந்து ஓட்ட வேண்டும். இரண்டு தேர்வுகளிலும் கால் பிரேக்கை எட்டவில்லை. வெள்ளிக்கிழமை நடக்கும் மூன்றாவது தேர்வே கடைசி என்று அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார். வியாழனன்று தகப்பனார் செடிகளைக் கிள்ளுவதைச் சுண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நுனியைக் கிள்ளுனா கீழ இருக்கிற மொட்டெல்லாம் ஏன் திடீர்னு கிளைக்குது?"

"நுனியில ஒரு சத்து ஊறி கீழ இறங்கிக்கிட்டே இருக்கும்மா. 'நான் பாத்துக்கறேன், நீங்க தூங்குங்க'ன்னு அதட்டும். கிள்ளிட்டா அதட்ட ஆளில்லை."

இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து மூத்தவளைப் பார்த்தார்கள்.

"என்ன, என் தலையைக் கிள்ளப் போறீங்களா?"

"தலையை இல்லக்கா. அந்த உச்சிக் கொண்டையை மட்டும்."

"போடி! அப்புறம் மழை வர்றத யாரு சொல்லுவா, உன் தாத்தாவா?"

அன்று முழுவதும் அவள் முதுகைக் காட்டியபடியே தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் காலை மதிலுக்கு அப்பால் சுண்டு தனியே அமர்ந்திருப்பது அவ்வளவு உயரத்திலிருந்து நன்றாகவே தெரிந்தது. கவிழ்த்த தொட்டி இருக்கை, செங்கல் பிரேக். எட்டி மிதித்தாள், சறுக்கி விழுந்தாள், மண்ணைத் தட்டிவிட்டு மீண்டும் ஏறி அமர்ந்தாள். மூத்தவள் பதினோராவது சறுக்கலில் தகப்பனார் முன் மண்டியிட்டாள்.

"சீக்கிரம் கிள்ளுங்கப்பா. மனசு மாறிடும்."

கொண்டை தரையில் விழுந்ததும் பச்சைத் தண்டின் மணம் எழுந்தது. அடுத்த நிமிடம் தையல்காரனின் முழுக்கால்சட்டை அரைக்கால்சட்டையானது. தபால்காரன் பழக்கதோஷத்தில் ஒரு குதி குதித்துக் கூரை ஓட்டில் உட்கார்ந்தான். சுண்டு விக்கலுக்கு ஓரங்குலமாகச் சிரித்துக்கொண்டே வளர்ந்தாள். தகப்பனார் மூங்கில் குச்சிகளும் கயிறுமாக ஓடி, தக்காளிக்குக் கட்டுவதைப் போல ஒவ்வொருவரையும் கட்டினார்.

"ஆடாம நில்லுங்கடா, கோணலா வளந்து தொலைக்காதீங்க!"

ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாகத் தலை பாரமின்றி இருந்த மூத்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுண்டு முதுகில் மூங்கிலோடு தேர்வுக்குச் சென்றாள். பிரேக்கை அவள் மிதித்த வேகத்தில் அதிகாரியின் மூக்குக்கண்ணாடி சன்னல் வழியே பறந்தது. தேர்ச்சி என்று அவர் தடவித் தடவி எழுதினார்.

மூத்தவள் அதன்பின் வளரவில்லை. சுண்டு அவளையும் தாண்டினாள். தம்பிகளின் வளர்ச்சி மறுபடி நின்றுபோகவே, காரணத்தை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மழை வருவதை இப்போது ஓட்டுநர் இருக்கைக்கு மேல் கூரையில் வெட்டிய துளையின் வழியே தலையை நீட்டிச் சுண்டுதான் அறிவிக்கிறாள். மாதத்தின் முதல் வெள்ளியன்று பேருந்து பண்ணை வாசலில் நிற்கும். மூத்தவள் ஏணியின்றியே கையை உயர்த்தித் தங்கையின் கொண்டையைக் கிள்ளுவாள். பயணிகள் எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கால அட்டவணையில் அது உள்ளது: நுனி கிள்ளல், நான்கு நிமிடம். அதை மட்டும் எல்லோரும் முழுதாகப் படித்திருக்கிறார்கள்.