முதுகுக்குப் போட்ட வசனம்

செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் பேச்சு வருகிறது. முகத்தைப் பார்த்தால் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. பால்காரரிடம் திரும்பி நின்று "ரெண்டு பாக்கெட்" என்றேன். அவரும் திரும்பி நின்று "சரி சார்" என்றார். பழகிவிட்டது.

ராஜகனிக்குத்தான் பழகவில்லை. என் மனைவி. பெட்டியைக் கட்டி நடுவீட்டில் வைத்துவிட்டாள்.

"பத்தொன்பது வருஷமா உங்க முதுகைத்தான் பார்த்துட்டிருக்கேன். என் மூஞ்சியைப் பார்த்து 'போகாதே'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லேன்னா அஞ்சு மணி பஸ்ல அம்மா வீட்டுக்குப் போறேன்."

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் டப்பிங் கலைஞன். மிருகங்களுக்குக் குரல் கொடுப்பேன். முதலை, ராட்சசச் சிலந்தி, ஒரு தடவை சுனாமி. போன வாரம் ஓர் ஆஸ்திரேலியத் திகில் படம். செம்மண் காடு, நடுவில் குளம், குளத்துக்குள் ஒரு ஜந்து. அந்த மண்ணின் பூர்வகுடிகளுடைய கதையாம். ஜந்து படம் முழுக்க வாயே திறக்காது.

"இது நம்மூர்ல ஓடாது" என்றார் வசனகர்த்தா குமரகுரு. "அது முதுகைக் காட்டுற இடத்துலெல்லாம் வசனம் போட்டுடுவோம். உதடு தெரியாதுல்ல?"

எங்கள் தொழிலில் அப்படித்தான். பதினோரு இடத்தில் போட்டோம்.

கோளாறு அங்கேதான் என்று ஸ்டுடியோவுக்கு ஓடினேன். நாற்பதடி வராந்தா அன்றைக்கு முடியவே இல்லை. ஒரு மணி நேரம் நடந்ததும் தரை செம்மண்ணாகிவிட்டது. தைல மர வாசனை அடித்தது. கடைசியில் அதே குளம். கரையில் மேஜை போட்டு, கண்ணாடி அணிந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். 'மார்லீன், குளம்' என்று பலகை இருந்தது. பக்கத்து பெஞ்சில் ஏழடி ஜந்து, சேறு சொட்டச் சொட்ட, கையில் டோக்கனோடு.

மார்லீனின் உதடு வேறு எதையோ சொன்னது. தமிழ் அரை நொடி தாமதமாக வந்தது.

"யாரைக் கேட்டு இதைப் பேச வெச்சீங்க?"

திரும்பி நின்றுகொண்டேன். "குமரகுரு சாரை."

"அவர் யாரு? இது எங்க குளம், எங்க கதை. இது பேசாம உட்கார்ந்திருக்கும். பிள்ளைங்க பயந்து ஆழத்துக்குப் போகாது. அதுதான் இதோட உத்தியோகம். இப்ப என்ன ஆச்சு பாருங்க."

ஜந்து பெஞ்சில் மெல்லத் திரும்பியது. என் குரல் வந்தது. "எவன்டா அவன், என் தண்ணியில கால் கழுவுறது?"

சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டது. பாவம், அதற்கே கூச்சம். குளத்தில் மூன்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இடுப்பளவிலிருந்து கழுத்தளவுக்குப் போனார்கள். மார்லீன் எழுந்து போய் மூன்று பேரையும் கரைக்கு இழுத்து வந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பதினொண்ணையும் வாபஸ் வாங்குங்க" என்றார். "உங்களுக்கும் முகம் பார்த்துப் பேச வரும்."

படிவம் கொடுத்தார். ஜந்துவின் பெயர் கேட்டிருந்தது. "அதை நீங்க எழுதக்கூடாது. காலியா விடுங்க" என்றார்.

ஜந்துவும் நானும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றோம். அது ஒவ்வொரு வசனமாகச் சொன்னது. நான் "வாபஸ்" என்றேன். பத்து முடிந்தது. பதினொன்றாவது குமரகுரு எழுதியதல்ல. கடைசிக் காட்சியில் கதாநாயகி கரையேறிப் போகும்போது நானாகச் சொன்னது.

"போகாதே" என்றது ஜந்து.

இருபது வருஷ சர்வீஸில் அவ்வளவு நன்றாக நான் எதையும் சொன்னதில்லை. அதைப் போய் ஒரு குளத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

"வா..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே சார்" என்றார் மார்லீன். "பிள்ளைங்க ஆழத்துக்கு இறங்கும்போது சொல்லும்."

"ஐயோ, எங்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான்மா."

மார்லீன் கரைப் பக்கம் கையைக் காட்டினார். பிள்ளைகள் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்குட்டிக்கு ஆறு வயதிருக்கும்.

"சரி, வெச்சுக்குங்க" என்றேன். "அஞ்சு மணி வரைக்கும் மட்டும் இரவல் கொடுங்க."

நாலு ஐம்பதுக்கு வீட்டுக்கு வந்தோம். ராஜகனியின் கை பெட்டியில் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்து நின்றேன். ஜந்து எனக்குப் பின்னால், பிரிட்ஜைப் பார்த்துத் திரும்பி நின்றது. உதட்டை அசைத்தேன்.

"போகாதே" என்று என் குரல் வந்தது. அரை நொடி தாமதம்.

ராஜகனி என்னைப் பார்த்தாள். ஜந்துவின் முதுகைப் பார்த்தாள். தரையில் சொட்டிய சேற்றைப் பார்த்தாள். டப்பிங்காரன் பெண்டாட்டி இல்லையா, பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"உதடு சேரல" என்றாள். "இன்னொரு தடவை."

ஏழாவது டேக்கில் மணி ஐந்தானது. அதற்குத்தான் ஓகே சொன்னாள்.