முடக்கிய கணக்கிலிருந்து

தம்பி இறந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, அவன் எழுதிய மென்பொருளைச் சீர்செய்யும் வேலை அக்காவிடமே வந்து சேர்ந்தது.

அவனை வீட்டில் எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவனும் அவனோடு படித்த ஒருவனும் சேர்ந்து சிறிய கம்பெனி ஒன்றை நடத்தினார்கள். தொழிலில் பங்கு உள்ளவன் என்பதால் அந்த நண்பனுக்குப் பங்காளி என்று சின்னவன் பெயர் வைத்தான். "ஒலகத்துலயே வெட்டுக்குத்து இல்லாத பங்காளிங்க நாங்கதான்" என்பான். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர்கள் விற்றது ஒரு பக் டிராக்கர். புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் நிரலில் கண்ட, பக் (பூச்சி) என்று அவர்கள் அழைக்கும் கோளாறுகளைப் பதிந்து வைத்து, சரியானதும் மூடிவிடுவதற்கான கருவி. நிரலின் எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்பதையெல்லாம் மறக்காமல் சேர்த்து வைக்கும் களஞ்சியம் ஒன்று எல்லாக் கம்பெனிகளிலும் இருக்கும். சின்னவனின் கருவி ஒவ்வொரு பக்கையும் ஒரு குட்டிக் கோப்பாக அந்தக் களஞ்சியத்துக்குள்ளேயே போட்டு வைத்தது. ஆனால் களஞ்சியங்கள் பல வகை. ஒவ்வொரு வாடிக்கையாளர் வந்தபோதும் அவருடைய வகைக்கு ஏற்றபடி சின்னவன் அவசர அவசரமாக ஒட்டுப் போட்டான். பைத்தான் என்று மலைப்பாம்பின் பெயர் கொண்ட மொழியில் எழுதிய அந்த நிரல் கடைசியில் ஒட்டுப் போட்ட இடம் எது, துணி எது என்று தெரியாமல் ஆகிவிட்டது.

"உள்ள கை வைக்கவே பயமா இருக்குக்கா" என்றான் பங்காளி. "ஒரு எடத்த தொட்டா இன்னொரு எடம் அழுவுது. நீங்க பாத்தா அவன் என்ன நெனச்சு எழுதினான்னாவது புரியும்."

அவளும் புரோகிராமர்தான். பழைய வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த நேரம். ஒப்புக்கொண்டாள். வெளியே பார்த்தால் கருவி முன்பு போலவே வேலை செய்ய வேண்டும். உள்ளே மட்டும் குடியிருப்பவரை எழுப்பாமல் வீட்டை மாற்றிக் கட்டுவதுபோல எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த வேண்டும்.

அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன் டெப்போவுக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். வேலையைப் பற்றி அவள் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆக, பாம்பை வச்சுப் பூச்சி புடிக்கிற வேலை. கடிச்சுடாம பாத்துக்க" என்றார்.

காலையில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து வேலை செய்வாள். சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்வாள். எழுந்து மறுபடி உட்காருவாள். நிரலுக்கு நடுவே சின்னவன் எழுதி வைத்திருந்த குறிப்புகள் அவளைச் சிரிக்கவும் வைத்தன, மூக்கை உறிஞ்சவும் வைத்தன. 'இந்த எடத்த யாரும் தொடாதீங்க,, நானே தொட மாட்டேன்,,' என்று ஓரிடத்தில். முற்றுப்புள்ளி வைக்கும் பழக்கமே அவனுக்குக் கிடையாது. எதை எழுதினாலும் இரண்டு காற்புள்ளி போட்டுத்தான் முடிப்பான்.

ஒரு நாள் பிற்பகல் தூங்கி எழுந்து வந்தவள், களஞ்சியத்தில் புதிய பக் கோப்பு ஒன்று இருப்பதைக் கண்டாள்.

'ஃபோல்டர் பேர்ல எடவெளி வந்தா ஒடையுது,, காலைல எழுதினத பாரு,,'

பதிந்தவர் பெயர் இருக்கும் இடத்தில் சின்னவன் பெயர்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு காலையில் எழுதியதைச் சோதித்துப் பார்த்தாள். இடைவெளி உள்ள பெயரைக் கொடுத்ததும் நிரல் உடைந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் எழுதியதை அவள் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. அது அவள் கணினியை விட்டு வெளியே போகவே இல்லை.

கருவியின் திரையில் அந்தப் பக் தெரியவில்லை. சின்னவனின் கணக்கு முடக்கப்பட்டிருந்ததால் அவன் பெயரில் எதுவும் திரைக்கு வராது. களஞ்சியத்தைத் திறந்து பார்த்ததால்தான் கண்ணில் பட்டது.

பங்காளியைக் கூப்பிட்டாள். அவன் தன் இடத்திலிருந்தே எல்லாவற்றையும் அலசிப் பார்த்தான். "வெளியேர்ந்து யாரும் நுழையலக்கா. ஒங்க கம்ப்யூட்டர்லேர்ந்துதான் எழுதியிருக்கு. பேரு மட்டும் அவன் பேரு. அது யாரு பேர வேணாலும் போட்டுக்கலாம், அது பெரிய விஷயமில்ல."

"நான் ஏன் அவன் பேர போடப் போறேன்?"

"எதுக்கும் பாஸ்வேர்ட மாத்திடுங்க."

மாற்றினாள். மறுநாள் பிற்பகல் இன்னொன்று வந்தது. அதற்கடுத்த நாளும். ஒவ்வொன்றும் அன்று காலை அவள் செய்த தவறைச் சரியாகத் தொட்டுக் காட்டியது. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படுத்தாள். அப்போதும் வந்தது.

"நான் தூங்கும்போது யாராவது வீட்டுக்கு வந்தாங்களா?" என்று கணவரிடம் கேட்டாள்.

"யார் வரப்போறா? நான் கூடத்துலதானே இருக்கேன்."

"என் கம்ப்யூட்டர்ல யாராவது ஒக்காந்தாங்களா?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "நீதான் ஒக்காந்து அடிச்சுக்கிட்டு இருந்த. நேத்தும்தான். கூப்பிட்டேன், திரும்பல. வேலை மும்முரம்போலன்னு விட்டுட்டேன்."

"நான் தூங்கிட்டு இருந்தேங்க."

மறுநாள் அவள் படுத்தபிறகு அவர் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் எழுந்ததும் எடுத்த வீடியோ படத்தைக் காட்டினார். காட்டுவதற்கு முன் அவளைக் கட்டிலில் உட்கார வைத்தார்.

ஜன்னலில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. மேசை முன் அவளேதான் இருந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. ஆனால் இடது காலை மடித்து நாற்காலியின்மேல் வைத்து, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முட்டிவலி வந்த நாளிலிருந்து அவளால் தரையில்கூட அப்படி உட்கார முடிந்ததில்லை. பத்து விரலும் பார்க்காமல் ஓடும் கை அவளுடையது. படத்தில் இரண்டே இரண்டு ஆள்காட்டி விரல்கள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்திக்கொண்டிருந்தன.

"மாப்ள இப்படித்தான் அடிப்பான், இல்ல?" என்றார் கணவர். சின்னவனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் படத்தை நிறுத்திவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் அது ஏன் அப்படி வலித்தது என்று இப்போது தெரிந்தது.

கணவர் அழைத்துப்போன டாக்டரம்மா பயப்பட வேண்டாம் என்றார். "சில பேருக்குத் துக்கம் இப்படியும் வெளிய வரும். தப்பு எங்கேன்னு ஒங்க மனசுக்குத் தெரியும். முழிச்சிருக்கறப்ப கவனிக்காதத தூக்கத்துல எழுதுறீங்க. தம்பிய ரொம்ப நெனைக்கிறீங்க, அதனால அவர மாதிரி எழுதுறீங்க. அவ்வளவுதான்."

கேட்டதும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. திரும்பும் வழியில் கணவர், "தூக்கத்துலயும் வேலை பாக்குற ஆளுக்குக் கம்பெனிக்காரன் ரெட்டைச் சம்பளம் தரணும்" என்றார். அவளும் சிரித்தாள்.

அந்த நிம்மதி அடுத்து வந்த பக் வரைதான்.

நிரலில் ஓரிடத்தில், எழுதுவதற்கு முன் காரணமில்லாமல் சில நொடிகள் சும்மா காத்திருக்கும்படி சின்னவன் போட்டிருந்தான். அதற்கு ஒரு குறிப்பும் இல்லை. தேவையில்லாத சோம்பேறித்தனம் என்று நினைத்து அதை எடுத்துவிட்டாள். தூங்கி எழுந்தபோது கோப்பு காத்திருந்தது.

'காத்திருக்கறத எடுக்காத,, அணைக்கட்டு ஆபீஸ் மெஷின் ஃபைல் மேல போட்ட பூட்ட விடறதுக்குள்ள எழுதினா பாதி ஃபைல் போயிடும்,, பங்காளிய கேளு,,'

அணைக்கட்டு அலுவலகம் என்று ஒரு வாடிக்கையாளர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பங்காளிக்குப் போன் செய்து படித்துக் காட்டினாள்.

"இத யாரு ஒங்களுக்குச் சொன்னாக்கா?"

"நீ சொல்லு. நெஜமா?"

"நெஜம்தான். அங்க ஒரு பழைய சர்வர். ஒரு தடவ அவங்க ஃபைலெல்லாம் பாதி பாதியா அழிஞ்சு போச்சு. அவங்களுக்குத் தெரியறதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் போயி சரி பண்ணிட்டு வந்தோம். யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு பேசிக்கிட்டோம். என் வீட்டுலகூடத் தெரியாது. அவன் ஒங்ககிட்ட எப்பவோ சொல்லியிருப்பான். சொல்லியிருப்பான் இல்லக்கா?"

"சொல்லியிருப்பான்" என்றாள். சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். ரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டால் அவன் வாயைப் பிளந்தாலும் ஒன்றும் வராது.

எடுத்ததை அப்படியே திரும்ப வைத்தாள்.

மறுநாள் அவள் தூங்குவதற்கு முன் கணவர் கணினியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய் டெப்போவில் தன் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வந்தார். கணினியே இல்லாவிட்டால் எதில் எழுதுவாள் என்பது அவர் கணக்கு.

அவள் தூங்கி எழுந்தபோது கணவர் அவள் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் விரல் நுனிகள் சிவந்து எரிந்தன.

"எழுந்து போனேனா?"

"போன. வெறும் மேசைல ஒக்காந்து அடிச்ச. டக்கு டக்குன்னு. நிறுத்தவே இல்ல. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. பக்கத்துல போயி, 'மாப்ள, போதும்டா, அக்காவுக்கு முட்டி வலிக்குது'ன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"கால எறக்கி வச்சுட்ட."

அவள் காத்திருந்தாள். இன்னும் ஏதோ இருக்கிறது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"என் பக்கம் திரும்பாமயே பேசின. ஒன் கொரல்தான். 'இன்னும் ஒண்ணு இருக்கு மாமா'ன்ன. எழுந்து போயி படுத்துக்கிட்ட."

அவரை மாமா என்று கூப்பிடுகிறவன் சின்னவன் மட்டும்தான்.

அன்றிலிருந்து அவள் மதியம் தூங்கவில்லை. கணினியைத் திரும்ப வாங்கிவந்து அந்த ஒன்றைத் தேட ஆரம்பித்தாள். ஒவ்வொரு வகைக் களஞ்சியத்துக்கும் தனித்தனியாகப் பிரித்து எழுதிய பகுதிகளையெல்லாம் மறுபடி சோதித்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. சின்னவன் எழுதியதில் மிச்சமிருந்தவற்றையும் வரி வரியாகப் படித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. பயம் மெதுவாக எரிச்சலாக மாறியது. "வந்ததுதான் வந்த, எதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று அடுப்படியில் தனியாக நின்று திட்டினாள்.

ஒரு நாள் காலையில், பக்குகளைத் திரைக்குக் கொண்டுவரும் பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது கை நின்றது. கணக்கு முடக்கப்பட்டவர் பதிந்தவை எதையும் காட்டாதே என்று ஒரு வரி. அதை எத்தனையோ முறை கடந்து போயிருந்தாள். ஆள் போய்விட்டான், அவன் பெயர் எதற்குத் திரையில் என்றுதான் அவளுக்கும் தோன்றியிருந்தது. ஆனால் ஆள் போனால் அவன் கண்ட கோளாறும் போய்விடுமா? ஓட்டை ஓட்டையாகத்தானே இருக்கும்?

அந்த வரியை நீக்கிவிட்டுத் திரையைத் திறந்தாள்.

சின்னவன் பெயர் வரிசையாக வந்து நின்றது. பிற்பகல்களில் அவள் கை எழுதியவை மேலே இருந்தன. அவற்றுக்குக் கீழே, களஞ்சியத்தின் நூற்றுக்கணக்கான பழைய கோப்புகளுக்கு நடுவே கிடந்ததால் அவள் இதுவரை பார்த்திராதவை, அவனுடைய கடைசி வாரங்களில் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அவனே பதிந்தவை. தேதியை மறைத்துவிட்டால் எது எப்போது எழுதியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதே நடை, அதே இரட்டைக் காற்புள்ளி.

மாலையில் பங்காளி வந்தான். திரையைப் பார்த்ததும் நின்றபடியே நெடுநேரம் படித்தான்.

"கணக்க முடக்கினது நான்தான்" என்றான். "சேதி வந்த அன்னைக்கே. பாதுகாப்புக்குன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். நெஜத்துல அவன் பேரு தெரையில வர்றத என்னால பாக்க முடியலக்கா. இதெல்லாம் உள்ள கெடக்கும்னு தோணவே இல்ல."

"ஒன்னச் சொல்லி என்ன? நானும்தான் பாத்துட்டுப் பாத்துட்டுப் போனேன்."

ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். பெரிய விஷயம் எதுவும் இல்லை. தேதி தலைகீழாக வருகிறது, ஒரு பொத்தான் வேலை செய்யவில்லை, இப்படி. அடுத்து வந்த நாட்களில் இருவரும் அவளுடைய மேசையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்து மூடினார்கள். புதிதாக எதுவும் வரவில்லை. ஒரு மதியம் அவள் துணிந்து தூங்கினாள். கணவர் பக்கத்திலேயே காவல் இருந்தார். புரண்டுகூடப் படுக்கவில்லை என்று எழுந்ததும் சொன்னார்.

கடைசியாக ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

'எழுத்து ரொம்ப சின்னது,, படுத்துக்கிட்டு படிக்க முடியல,,'

"இத நான் பண்றேன்க்கா" என்றான் பங்காளி. எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுத் திரையைக் கட்டில் பக்கம் திருப்பினான். "இவ்ளோ போதுமா?"

உட்கார்ந்த இடத்திலிருந்து அவளால் சொல்ல முடியவில்லை. எழுந்துபோய்க் கட்டிலில் படுத்து, தலையணையில் தலையைச் சாய்த்து அங்கிருந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெருசா" என்றாள்.

பங்காளி பெரிதாக்கினான். கணவர் மட்டும் கட்டிலருகே வந்து, அவள் கண் திறந்துதான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.