கூத்தாநல்லூருக்குப் போன கவர்

கல்யாணம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூத்தாநல்லூர் வீட்டுக்குள் நுழையும்போதே கமருன்னிஸா கண்ணைக் காட்டினாள், இப்போது வேண்டாம் என்று. அவர் பார்க்கவில்லை. நன்னிலம் பக்கம் ஒரு கூட்டுறவு சொசைட்டியில் முப்பது வருஷம் செயலாளராக உட்கார்ந்து பயிர்க்கடன் கொடுத்து ரிட்டையர் ஆனவர். பணம் கொடுக்கப் போகிற இடத்தில் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு வரவேயில்லை.

கூடம் நிறைய ஆட்கள். புதுப் பாய், தட்டில் தம்ரூட் இனிப்பு, வாழைப்பழம். பிளாஸ்டிக் சேரில் இருந்த பெரியவர் ஒருவர் அவரைக் கண்டதும் எழுந்தேவிட்டார்.

“அட, சொசைட்டி சாரா? நீங்க எங்க இந்தப் பக்கம்?”

முகம்மது யூசுப். நன்னிலம் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர். சொசைட்டியில் கடன் வாங்கிய கை அப்படியே அவர் கடைக்குத்தான் போகும். இருவருக்கும் இருபது வருஷப் பழக்கம்.

“நீங்க எங்க பாய் இங்க?”

“என் தங்கச்சி மவனுக்கு இந்த வீட்டு சபிஹாவைப் பேசியிருக்கோம். வெள்ளிக்கிழமை நிச்சயம். நீங்க எப்படி?”

கமருன்னிஸா முந்திக்கொண்டாள். “சாரோட பையன் ஹரியும் எங்க மவன் தௌபீக்கும் துபாய்ல ஒரே ரூமுண்ணே. நீங்க உள்ள வாங்க சார், டீ போடுறேன்.”

உள்ளே போயிருக்கலாம். தம்ரூட்டில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கல்யாணத்தின் கை அதற்குள் பைக்குள் போய்க் கவரை வெளியே எடுத்துவிட்டது. எல்லோரும் கவரைப் பார்த்தார்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது அவருக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

“ஒளிக்கிறதுக்கு இதுல என்னம்மா இருக்கு? நம்ம யூசுப் பாய்தானே. தௌபீக்குக்கு வேலை போய் அஞ்சு மாசம் ஆச்சு பாய். பாவம், அவன் என்ன பண்ணுவான். என் பையன்தான் மாசாமாசம் தன் அக்கவுண்ட்லேர்ந்து எடுத்து இவங்களுக்குக் குடுக்கச் சொல்லியிருக்கான். கல்யாணச் செலவுக்கும் பார்த்துச் செய்யச் சொல்றேன்.”



“வேலை போயிடுச்சா?” யூசுப் கமருன்னிஸாவிடம் திரும்பினார். “சூப்பர்வைசரா இருக்கான், சம்பளம் ஒழுங்கா வருதுன்னு சொன்னீங்களேம்மா.”

கமருன்னிஸா வாயைத் திறந்தாள். கல்யாணத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

உள் அறை வாசலில் சபிஹாவின் முகம் தெரிந்தது. “உம்மா, சொல்லு.”

“நீ உள்ள போ.”

“சொல்லு உம்மா. நமக்கு என்ன தலையெழுத்தா?”

“போன்னு சொன்னேன்ல.”

கல்யாணம் இதைத் தன் பாணியில் புரிந்துகொண்டார். கஷ்டத்தை மறைக்கிற குடும்பம். சபையில் அம்பலமானதும் பெண் கோபப்படுகிறது. “மறைக்கிறதுதாம்மா தப்பு. போன மாசமே சொன்னேன், இந்த நிலைமையில ஏசி எல்லாம் எதுக்குன்னு,” என்றார் கனிவாக. கவரை அவள் கையில் வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து மனைவி சரசாவிடம் நடந்ததை ரசித்துச் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “பொண்ணு பார்க்க வந்த சபையிலயா சொன்னேள்? உங்களை யார் கேட்டா?”

“உண்மையைச் சொல்றதுக்கு யார் கேட்கணும்?”



மறுநாள் காலை ஹரிஹரசுப்ரமணியன் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிற பையன், புதன்கிழமை பேசுகிறான்.

“அப்பா, கூத்தாநல்லூர்ல என்ன சொன்னேள்?”

“உள்ளதைச் சொன்னேன். ஏன்?”

“அவா நிச்சயத்தை நிறுத்தி வைச்சுட்டா. தௌபீக்குக்கு வேலையும் இல்லே, மறைச்சும் இருக்கா, இது சரிப்படாதுன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டா.”

“அதுக்கு நான் என்னடா பண்றது? தௌபீக்குக்கு வேலை போனது பொய்யா?”

“பொய்ப்பா.”

கல்யாணம் போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டார்.

“அவனுக்கு வேலை இருக்கு. போனது எனக்கு.”

சரசா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் கையமர்த்தினார். எதற்கு அமர்த்தினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஹரி சொல்லச் சொல்ல விஷயம் எளிமையாகத்தான் இருந்தது. வேலை போயிற்று. வேறு வேலை தேடும்வரை துபாயில் சாப்பிட, பஸ் ஏற, இன்டர்வியூவுக்குச் சட்டை தேய்க்கக் காசு வேண்டும். அவன் சேமித்ததெல்லாம் நன்னிலம் பேங்கில், அப்பாவோடு சேர்ந்த கணக்கில் கிடக்கிறது. அந்தக் கார்டை அங்கே மிஷினில் போட்டால், அந்த ஊர் பேங்க் ஒரு வெட்டு, இந்த ஊர் பேங்க் ஒரு வெட்டு, ரூபாயைத் திர்ஹாமாக மாற்றுவதில் இன்னொரு வெட்டு. அதே ரூமில் தௌபீக் மாதாமாதம் உம்மாவுக்குப் பணம் அனுப்பக் கமிஷன் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேருமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தௌபீக் தன் சம்பளத்தில் ஒரு பங்கை ஹரி கையில் கொடுத்துவிடுவான். அதற்குச் சமமான ரூபாயை ஹரியின் அப்பா இங்கே தௌபீக்கின் உம்மாவிடம் கொடுத்துவிடுவார். பணம் கடல் தாண்டவே வேண்டாம்.

“அப்ப நான் குடுத்தது...”

“தௌபீக் சம்பாதிச்சதுப்பா. ரூம் வாடகையும் அவன்தான் குடுக்கறான். அதுக்கு அவன் கணக்கே வச்சுக்கலை.”

“என்கிட்ட ஏன்டா மாத்திச் சொன்னே?”

“எனக்குப் பணம் வேணும்னா காரணம் கேப்பேள். நீங்க ஊர் பூரா ‘என் பையன் துபாய்ல’ன்னு சொல்லிண்டிருந்தேள். எனக்கு வாய் வரலை. எனக்கு ஆனதை அவன் பேர்ல போட்டுச் சொல்லிட்டேன். போன்லயே அனுப்பிடுங்கோன்னுதானே சொன்னேன்? நேர்ல போவேன்னு நீங்கதான் நின்னேள்.”

ஆமாம், அவர்தான் நின்றார். கையில் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி இருக்கும் என்று திருவாரூர் போய்ப் பஸ் மாறிப் போனார். போன இடத்தில் என்னென்ன பேசினார் என்பது இப்போது ஒவ்வொன்றாக வந்து நின்றது. சபிஹாவைச் சும்மா உட்கார வைக்காமல் டியூஷன் எடுக்கச் சொன்னது. சுவரில் இருந்த ஏசியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. கமருன்னிஸா டீ கொண்டுவந்தபோதெல்லாம் சர்க்கரை வியாதி என்றது. அவள் ஒரு மாதம் சர்க்கரை போடாமல் கொண்டுவந்தாள். அன்றைக்கு அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது; டீ அப்படியே இருந்தது.

“அந்தம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிடேன் என்றது மனசு.

“முதல் மாசமே தெரியும். நீங்க பேசினது வித்தியாசமா இருக்கவே தௌபீக்கைக் கேட்டிருக்கா. ஹரி வீட்டுல அவன் வேலை போன விஷயம் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க உம்மான்னு அவன் வார்த்தை வாங்கிண்டான். ஆனா வேலை போனது அவனுக்குன்னு நான் சொல்லி வச்சது அவனுக்கே நேத்துதான் தெரியும்.”

“என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லலை. எனக்குச் சேர்த்துச் சமைச்சு வச்சுட்டுப் படுத்துண்டான்.”

கமருன்னிஸா பெண்ணின் நிச்சயம் அவள் கண்ணெதிரே உடைகிறது. ஒரு வார்த்தை சொன்னால் காப்பாற்றிவிடலாம். அந்த வார்த்தையை அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு தன்னை ஏன் பார்த்தாள் என்பது கல்யாணத்துக்கு இப்போது புரிந்தது.

“நான் யூசுப் பாய்க்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்ப்பா.”

“உன்னோட அவருக்குப் பேச்சுப் பழக்கம் இல்லே. சபையில சொன்னது நான்.”

அன்று யூசுப்பின் உரக்கடையில் நல்ல கூட்டம். சம்பா நெல்லுக்கு மேலுரம் போடுகிற சமயம். யூரியா மூட்டைகளுக்கு நடுவே ஆட்கள் முண்டிக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவள் காத்தாயி; குத்தகை நிலத்துக்குக் கடன் கேட்டு வந்தபோது அடங்கல் சான்று சரியில்லை என்று அவர் பலமுறை திருப்பி அனுப்பியவள். “சாரு வந்திருக்காங்க, வழிய விடுங்க,” என்று அவள்தான் விலகி நின்றாள்.

“பாய், ஒரு நிமிஷம் தனியா...”

“கூட்டத்தைப் பார்க்கிறீங்கல்ல சார். இங்கயே சொல்லுங்க.”

கல்யாணம் தொண்டையைச் செருமினார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும்போதே ஒரு வாசகம் தயார் செய்து வைத்திருந்தார். பாதி உண்மை, யாருக்கும் வலிக்காதது. “நேத்து நான் சொன்னதுல ஒரு சின்னத் தப்பு. தௌபீக்குக்கு வேலை இருக்காம். நான்தான் சரியாப் புரிஞ்சுக்கலை.”

யூசுப் பில் போடுவதை நிறுத்தவில்லை. “நேத்து போயிடுச்சுன்னீங்க. இன்னிக்கு இருக்குங்கறீங்க. அந்தம்மா வந்து அழுதாங்களாக்கும்.”

“இல்ல பாய், அவங்க வரவே...”

“நீங்க இளகின மனசுக்காரர் சார். பொண்ணு வீட்டுக்காரங்க கையைப் பிடிச்சுக் கேட்டா யாரா இருந்தாலும் சொல்லத்தான் செய்வாங்க. ஆனா பொய்யி சொல்ல உங்களை அனுப்பியிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கலை.”

போச்சு. பாதி உண்மை அந்தப் பொம்பளை தலையில் இன்னொரு பழியாக இறங்கிவிட்டது. மீதிப் பாதியைச் சொல்லாமல் இந்தக் கடைப் படியை இறங்கினால் சபிஹாவுக்கு இந்த இடம் இல்லை. சொன்னால், மத்தியானத்துக்குள் நன்னிலம் முழுக்கத் தெரிந்துவிடும். கல்யாணம் கல்லாப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அவங்க அனுப்பலை. வேலை போனது என் பையனுக்கு.”

பில் போட்ட கை நின்றது.

“அஞ்சு மாசமா தௌபீக்தான் அவனுக்குச் சோறு போடறான். அங்க அவன் என் பையன் கையில திர்ஹாமாக் குடுக்கறான். அதைத்தான் நான் இங்க ரூபாயா அவன் உம்மாகிட்ட குடுக்கறேன். பேங்க் கமிஷன் மிச்சம்னு பசங்க பண்ணிண்ட ஏற்பாடு. எனக்கு நேத்து வரைக்கும் தெரியாது. என் பையன் தர்மம் பண்றான்னு நினைச்சுண்டு போய், தௌபீக் பணத்தை அவன் வீட்டுலயே குடுத்து, அவங்களுக்கே புத்தி சொல்லிட்டு வந்திருக்கேன்.”

மூட்டை தூக்குகிறவன்கூட மூட்டையை முதுகில் வைத்தபடியே நின்றான்.

“இந்தக் கைமாத்து சட்டப்படி சரியில்ல சார், தெரியும்ல,” என்றார் யூசுப், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். பிறகு, “அந்தம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா நேத்து வாயைத் திறக்கலை?”

“என் மானம் போயிடும்னு.”

யூசுப் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். போனை எடுத்து நம்பரைத் தட்டினார். அவருக்குக் காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். கமருன்னிஸாவின் குரல் யூரியா மூட்டைகளுக்கு மேலே வந்தது.

“சொல்லுங்கண்ணே.”

“வெள்ளிக்கிழமை நிச்சயத்துல மாத்தம் இல்லம்மா. மாப்பிள்ளை வீட்டுல நான் பேசிக்கிறேன். நேத்து நான் கேட்டதை மனசுல வச்சுக்காதீங்க.”

“யாருண்ணே சொன்னது?”

“சொசைட்டி சாரே கடைக்கு வந்து சொல்லிட்டாரு.”

“கடைக்கா? ஆளுங்க இருக்கும்போதா?”

யூசுப் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “ஆமாம்மா. மேலுரம் நேரம், கூட்டம்தான்.”

“ஏண்ணே, உள்ள கூட்டிட்டுப் போய்க் கேட்டிருக்கக் கூடாதா? வயசானவரு.”

காத்தாயி பையை மடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தெருவைப் பார்த்தார்கள், உரப் பட்டியலைப் பார்த்தார்கள், எங்கெங்கோ பார்த்தார்கள். இத்தனை பேரும் தனக்காகக் கண்ணைத் திருப்பிக்கொண்டது சுட்டது; முறைத்துப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

யூசுப் போனை அவரிடம் நீட்டினார். “பேசுங்க சார்.”

கல்யாணம் வாங்கினார். ஸ்பீக்கரை எப்படி அணைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அணைத்துக் கொடுங்கள் என்று கேட்கவும் மனம் வரவில்லை.

“அம்மா,” என்றார்.

“சொல்லுங்க சார்,” என்றாள் கமருன்னிஸா, கொஞ்சமும் குறையாத மரியாதையோடு.