பல்செட்டும் சோடா மூடியும்

தண்ணீருக்கடியில் உலோகம் தேடும் கருவியை வாங்கிய நாளிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு மாமனார் வீட்டில் இருந்த மரியாதை குறைந்துபோனது. அதற்கு முன்னால் மட்டும் மூட்டை மூட்டையாக இருந்ததா என்று கேட்டால், அதுவும் இல்லை. ஆனாலும் மாப்பிள்ளை என்கிற முறைக்காவது ஒரு 'வாங்க, உட்காருங்க' இருந்தது. இப்போது மாமனார் அவருக்கு 'சோடா மூடி' என்று பட்டம் கட்டிவிட்டார். ஏரியில் இறங்கி மனிதர் இதுவரை கரையேற்றியதெல்லாம் சோடா மூடிகள்தான் என்பதால், பட்டத்தை மறுக்கவும் வழியில்லை.

கருவி ஒன்றும் பிரமாதமான உருவம் கொண்டதல்ல. நீளமாக ஒரு தடி, அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டு, நடுவில் ஒரு பெட்டி, காதில் மாட்ட ஹெட்போன். ஆனால் அதற்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, ராஜகுமாரிக்குக்கூட நடக்காது. ஒவ்வொரு முறை ஏரியிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் முக்கி அலசி, பழைய பல் பிரஷ்ஷால் இண்டு இடுக்கு மணலைத் தேய்த்து எடுப்பார். பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தை உருவி, மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் துடைத்து, சிலிகான் பசையை மெழுகுப் பதத்தில் தடவி மறுபடி போடுவார். குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி மனைவிக்குக் கை வலித்துவிடும்.

"நம்ம பிள்ளையை ஒரு நாளாவது இப்படிக் குளிப்பாட்டியிருக்கீங்களா?" என்று அவள் ஒருமுறை கேட்டேவிட்டாள்.

"பிள்ளைக்கு உள்ள தண்ணி போனா அழும். இது அழாது. பேசாம செத்துரும்."

இந்த வீட்டில் கருவிக்குப் பரிந்து பேசிய ஒரே ஜீவன் மாமியார்தான். "ஆம்பளைக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா?" என்று அவர் கேட்டதில் கண்ணாடிக் கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதோடு நின்றாரா? "ஓடுதான்னு வீட்டுக்குள்ள சும்மா சோதிச்சுப் பாருங்களேன் மாப்பிள்ளை" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போய், துணி அலமாரி, கட்டிலடி, மாவு டப்பா, சுவர்ப் படங்களின் பின்பக்கம் என்று ஒரு மூலை விடாமல் காட்டச் சொன்னார். மாமியாருக்கு நம் மேல் இவ்வளவு பாசமா என்று மருமகன் நெகிழ்ந்துபோனார். கடைசியில் அலமாரித் தட்டில் இருந்த மாமனாரின் சுத்தியலுக்கு மேலே கொண்டுபோனதும் கருவி 'கீ' என்று கத்தியது.

மாமனார் ஏலம் விடுகிறவர். அந்தச் சுத்தியல் மேசையில் தட்டுவதற்கானது. முழுக்க முழுக்க மரம், ஓர் ஆணிகூடக் கிடையாது. அவர் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, தெருவே கேட்கும்படி சிரித்தார்.

"மரத்துக்குக் கத்துற மெஷினு. நல்லா வாங்கியிருக்கீங்க மாப்பிள்ளை, கண்ணாடிக் கடையில இருந்துக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டு வாங்கியிருக்கீங்க."

அன்றைக்கே கண்ணாடிக் கடைக்காரர் ஒரு வைராக்கியம் எடுத்தார். கருவியோடு வந்த விளக்கப் புத்தகத்தை வரிக்கு வரி படித்து, இரும்பு, தகரம், மூடி மாதிரியான குப்பைகளை ஒதுக்கிவிட்டு நல்ல உலோகத்துக்கு மட்டும் குரல் கொடுக்கும்படி பெட்டியில் இருந்த திருகுக் குமிழைத் திருப்பி வைத்தார். இனி ஒரு சோடா மூடி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்.

மாமனாருக்கு ஒரு பழக்கம். பெரிய ஏலம் இருக்கிற நாளில் காலையிலேயே ஏரிப் படகுத்துறைக்குப் போய், பலகை முனையில் நின்று தண்ணீரைப் பார்த்துக் கத்தித் தொண்டையைப் பதப்படுத்துவார். அன்று மாலை மூடிப்போன ஒரு பழைய ஹோட்டலின் சாமான்கள் ஏலம். கட்டில், நிலைக்கண்ணாடி, குளியல் தொட்டி என்று ஊரே காத்திருந்தது. இப்போதெல்லாம் ஏலக் கம்பெனியில் மைக் பிடித்துப் பேசும் இளவட்டம் ஒருவன் சேர்ந்திருந்தான். கிழவர் எப்போது சறுக்குவார் என்று அவன் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஏலம் கைவிட்டுப் போனால் அடுத்தது கிடைக்காது. அது மாமனாருக்கும் தெரியும். அவருக்குக் குரல்தான் சோறு, குரல்தான் கௌரவம்.

அன்று மாமியாரும் மனைவியும் கரையில் உட்கார்ந்திருக்க, மருமகன் மார்பளவுத் தண்ணீரில் கருவியோடு நின்றார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் மாமனாருக்கு நாக்கு அரித்தது.

"பெரியோர்களே, மரத்துக்குக் கத்தும் அதிசய மெஷின். வாங்குறவங்களுக்கு ஒரு மாப்பிள்ளை இலவசம். ஒரு தரம். ரெண்டு தரம்." நெஞ்சை விரித்து, மூச்சை இழுத்து, வாயை முழுக்கத் திறந்தார். "மூணு..."

'தரம்' வருவதற்கு முன்னால் மேல்வரிசைப் பல்செட் வந்துவிட்டது. வெயிலில் ஒரு தரம் பளிச்சிட்டு, துறைக்கு அப்பால் 'ப்ளக்' என்று விழுந்தது.

மகள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மாமனார் தண்ணீரைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார்.

"ஃபீக்கிரம் தேடுங்க. ஃபாயங்காலம் ஏலம்."

இனிமேல் அவர் பேசுவதைப் பல்லோடு பேசியதாகவே எழுதுகிறேன். இல்லாவிட்டால் வாசிக்கிறவர் வாயும் கோணிப்போகும்.

புதுப் பல்செட் செய்ய வேண்டுமானால் வாரக்கணக்கில் ஆகும். ஆகவே கருவிதான் கதி. அந்த நேரம் பார்த்துப் பேட்டரி தீர்ந்தது. மருமகன் கரையேறி, கையைத் துடைத்து, மூடியைத் திறந்து, ரப்பர் வளையத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமனார் அவர் தோளுக்கு மேல் குனிந்து நின்று தவித்தார்.

"பேட்டரியைப் போட்டு மூடுங்க மாப்பிள்ளை. பொண்ணு பார்க்கற மாதிரி என்ன பார்வை?"

"முடி ஒட்டியிருக்கு மாமா. இதோட மூடினா அந்த வழியா தண்ணி போயிரும்."

"யார் முடி?"

"நரைச்ச முடி."

மாமனார் சட்டென்று நிமிர்ந்து ரெண்டடி தள்ளி நின்றார். மருமகன் முடியை எடுத்து, வளையத்தைத் துடைத்து, பசை தடவி, மூடியைத் திருகி, பிறகு வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயே கை நுழையாது என்பார்கள். இந்த மனிதர் அவசரமே படாமல் இருந்ததில் மாமனாருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தேடினார். துறையைச் சுற்றி அங்குலம் அங்குலமாக வட்டை அசைத்தார். ஹெட்போனில் மூச்சுப்பேச்சில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"இந்த இடத்துலதான் விழுந்துச்சு, கண்ணால பார்த்தேன்" என்று கரையிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

"கவலைப்படாதீங்க மாமா. குப்பைக்கெல்லாம் கத்தாம தங்கத்துக்கு மட்டும் கத்துற மாதிரி வச்சிருக்கேன். உங்க பல்லு தங்கம்தானே?"

அது ஊரறிந்த கதை. மேல்வரிசைப் பற்கள் போனபோது, பல்செட் தகட்டுக்குள் போடும் கம்பி உறுதியாக இருக்கட்டும் என்று மாமியார் தன் காதுக் கம்மலையே கழற்றிக் கொடுத்தார். அதை உருக்கித்தான் கம்பி போட்டது. "என் வாயில இருக்கறது என் பொண்டாட்டியோட கம்மல்" என்று மாமனார் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

அதே மாமனார் இப்போது கரையில் இருந்த மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இஸ்திரி போட்ட பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கி, மார்பளவு ஆழத்துக்கு வந்து, மருமகனின் ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கிக் காதில் சொன்னார்.

"எஃகு."

"என்ன மாமா?"

"கம்பி எஃகு. மெல்லமாப் பேசுங்க, தண்ணியில சத்தம் போகும்."

மருமகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ கம்மல்?"

"அவங்க அம்மா சாகறதுக்கு முன்னால போட்டுவிட்ட கம்மல் அது. கழட்டிக் குடுத்துட்டு, சிரிச்சுக்கிட்டே நின்னா. காது மட்டும் வெறிச்சுன்னு இருந்துச்சு. எனக்கு உருக்க மனசு வரலை."

"திருப்பிக் குடுத்திருக்கலாமே."

"அவளை உங்களுக்குத் தெரியாது. மறுநாளே தானே எடுத்துட்டுப் போய் உருக்கிட்டு வந்திருப்பா. அதான் உருக்கியாச்சுன்னு சொல்லிட்டேன். அப்புறம் குடுக்கலாம்னா, இத்தனை நாள் பொய் சொன்னியான்னு கேப்பா. வருஷம் ஓடிப்போச்சு." கண் கலங்கியதா, ஏரித் தண்ணீரா, தெரியவில்லை. "அவகிட்ட மூச்சு விட்டுராதீங்க மாப்பிள்ளை. நான் எங்க போய் முகத்தை வச்சுக்குவேன்?"

"சொல்லமாட்டேன். கம்மல் எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கு. முதல்ல பல்லைத் தேடுங்க."

மருமகன் பெருமூச்சு விட்டுத் திருகுக் குமிழைப் பழையபடி எல்லா உலோகத்துக்குமாகத் திருப்பினார். அவ்வளவுதான், ஹெட்போனில் சந்தைக்கடை இரைச்சல். சேறு அள்ளும் நீளப் பிடி ஓட்டைக் கரண்டியால் அள்ள அள்ள சோடா மூடி, ஆணி, தூண்டில் முள், ஒரு தேக்கரண்டி, மறுபடி சோடா மூடி. மாமனார் ஒவ்வொன்றையும் பயபக்தியோடு வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இத்தனை நாள் கேலி செய்ததற்கு அவருக்கு அது வேண்டியதுதான். பை நிறைந்து சட்டை ஒருபக்கம் தொங்கிய நேரத்தில், கரண்டியில் சேறு வழிய வழிய, வரிசை மாறாமல் பல்செட் சிரித்தது.

கருவியும் பல்செட்டும் ஒரே வாளியில் குளித்தன. அன்றுதான் மாமனார் பழைய பிரஷ்ஷைத் தானே கையில் எடுத்தார்.

மாலையில் ஏலக்கூடம் நிரம்பி வழிந்தது. மைக் இளவட்டம் சுவரோரமாக நின்றான்; மாமனார் மைக்கே இல்லாமல் வெளுத்து வாங்கினார். கடைசி வரிசையில் மாமியாருக்குப் பக்கத்தில் மருமகன் உட்கார்ந்திருந்தார். "மூணு தரம்" என்று சுத்தியல் மேசையில் விழும்போதெல்லாம் மாமியாரின் கை தன்னையறியாமல் காதைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது. இரண்டு மூன்று முறை பார்த்த பிறகுதான் மருமகனுக்கு உறைத்தது. முழுக்க மரம். ஓர் ஆணிகூடக் கிடையாது. அப்படியிருந்தும் கருவி கத்தியது.

வாயைத் திறந்தார், கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

"என்ன, எஃகுன்னு சொல்லிட்டாரா?" மாமியார் மேடையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அத்தை..."

"இந்த மனுஷன் பல்லைக் கழட்டி ஃப்ரிட்ஜ் மேல வப்பார். ஒரு நாள் அங்க இருந்த காந்தத்துல போய் ஒட்டிக்கிச்சு. தங்கம் என்னிக்கு மாப்பிள்ளை காந்தத்துல ஒட்டியிருக்கு?"

"நீங்க கேக்கலையா?"

"பயமா இருந்துச்சு. வித்துட்டேன்னு சொன்னாக்கூடப் பரவாயில்லை. வேற யாருக்காவது குடுத்திருந்தா? அந்த வயித்தெரிச்சலோடதான் வீடு முழுக்கத் தேடினேன். உங்க மெஷினுக்கு நான் பரிஞ்சு பேசினதும் அதுக்குத்தான்." கொஞ்சம் யோசித்து, "உங்க மேலயும் பாசம் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

"அன்னிக்குச் சுத்தியலுக்குக் கத்துச்சே."

"அவர் குளிக்கப் போன நேரம் பிடியைத் திருகிப் பார்த்தேன். பஞ்சு சுத்தி ரெண்டும் உள்ள இருந்துச்சு. பஞ்சு புதுசு மாப்பிள்ளை. அப்பப்ப மாத்தறார் போல. திரும்ப அப்படியே வச்சு மூடிட்டேன்."

"எடுத்துக்கலையா?"

"என்கிட்ட இருந்தா பெட்டியிலதான் கிடக்கும். அவர் கையில இருக்கட்டும். நீங்க இதை அவர்கிட்ட மூச்சு விட்டுராதீங்க. பாவம், முகத்தை எங்க வச்சுக்குவார்?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மருமகனுக்கு இரண்டு பக்கமும் ரகசியம். அவர் தாங்கமாட்டாமல் இரண்டு கையையும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

ஏலக்கூடத்தில் கையைத் தூக்கினால் என்ன பொருள் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் இல்லை. மேடையில் யாரும் கேட்காமல் கிடந்த ஹோட்டல் குளியல் தொட்டிக்கு மாமனார் ஆள் தேடிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் உயர்ந்த கைகள் அவர் கண்ணில் பட்டன.

"தொட்டி, கடைசி வரிசை. ஒரு தரம். ரெண்டு தரம்." யாரென்று பார்த்ததும் மாமனார் ஒரு நொடி நின்றார். பழக்க தோஷத்தில் 'சோ' என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டார். "என் மாப்பிள்ளைக்கு. அவர் மெஷினைக் குளிப்பாட்ட. மூணு தரம்."

இந்த முறை பல் அசையவில்லை. சுத்தியல் விழுந்தது, மாமியார் காதைத் தொட்டுக்கொண்டார்.