கீரிப்பாறை மைக்கில் குளச்சல் குரல்

கீரிப்பாறை எஸ்டேட் மைதானத்தில் வெளியூர் ரசிகர்களுக்கென்று தனி இடம் கிடையாது. அப்படி ஓர் இனம் அங்கே வந்து உயிரோடு திரும்பும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை போல.

எங்கள் குளச்சல் கால்பந்து அணி டெம்போவில் காலையிலேயே போய்விட்டது. தூங்கிப்போன நான் எஸ்டேட் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு தனியாகப் போய் இறங்கினேன். பஸ்ஸில் வந்த கூட்டம் அப்படியே போய் ஒரு மண்மேட்டில் உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன். அது உள்ளூர்க் கூட்டம் என்று புரிந்தபோது முன்னும் பின்னும் வழி அடைத்திருந்தது.

குளச்சல் கோலில் நின்றவன் ஃபாயிஸ், என் மாமி மகன். கடந்த இரண்டு ஆட்டங்களிலும் பெனால்டியில் கோட்டை விட்டிருந்தான். இன்றும் விட்டால் கிளவுஸ் வேறு ஆளுக்கு என்று கேப்டன் சேக் மைதீன் சொல்லிவிட்டார். ஃபாயிஸுக்கு ஆட்டம் போகவில்லை. வலது தோள் போயிருந்தது. படகில் வழுக்கி விழுந்த அடி. அந்தப் பக்கம் பாய அவனுக்குப் பயம். இது தெரிந்தால் கேப்டன் இறக்கமாட்டார் என்று மறைத்து வைத்திருந்தான். என்னிடம் மட்டும்தான் சொன்னான்.

"மச்சான், ஒனக்கு வாயி சும்மா கெடக்காது. இத மட்டும் விட்டுராத, என்னா?"

கல்லூரி விழாவில் முதல்வரைப் போலவே பேசிக்காட்டி, முதல்வராலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் நான். ஆனாலும் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன்.

மண்மேட்டில் என் பக்கத்தில் இருந்தவர் ஆன்ஸ்லின். போட்டி நடத்தும் கிளப்பின் செயலாளர். மரம் வெட்டிய கை.

"எந்த ஊரு மக்கா?"

"நெய்யூரு," என்று வாயில் வந்த ஊரைச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரி ஊரா? நல்லது. பின்ன ஏன் வாயத் தொறக்காம இருக்க? குளச்சலுகாரனா நீ?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சுற்றி இருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. நான் எழுந்து, எங்கள் அணியில் பந்தை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தவனைப் பார்த்துக் கத்தினேன்.

"லேய், பந்து இஞ்ச கெடக்கு! நீ எங்க ஓடுத, அடுப்புல கறி கெடக்கா?"

மேடு குலுங்கியது. யாரோ கடலைப் பொட்டலம் தந்தார்கள். இன்னொன்று கத்தினேன். பயம் எந்த இடத்தில் போனது, சுகம் எந்த இடத்தில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

இடைவேளையில் ஆன்ஸ்லின் தோளைத் தட்டினார். "காலத்தே நடந்த ஆட்டத்துக்கெல்லாம் மைக்குல பறஞ்சு பறஞ்சு என் தொண்ட போச்சு, அதான் இஞ்ச வந்து இருந்தேன். ரெண்டாம் பாதிக்கு மைக்க நீ பிடி."

மைக் மேசை ஒரு நீலத் தார்ப்பாய்க்குப் பின்னால் இருந்தது. உள்ளிருப்பவன் வெளியே தெரியமாட்டான். அந்தக் கூம்பு ஸ்பீக்கரில் யார் பேசினாலும் தகரம் பேசுவது போலத்தான் கேட்கும். இப்படி ஒரு வசதி மனிதனுக்குக் கிடைக்கக் கூடாது.

"குளச்சல் டிபென்ஸ் நம்ம எஸ்டேட் பஸ் மாதிரியாக்கும். வரும் வரும்னு நிப்போம், வராது!"

"பத்தாம் நம்பர் கேப்டன் ஓடுதாரா, நிக்குதாரா? நடுவர் கொஞ்சம் பாத்துச் சொல்லணும்!"

ரசிகர்கள் மண்மேட்டை விட்டுத் தார்ப்பாயைச் சுற்றிக் கூடினார்கள். யாருக்கும் கோல் விழவில்லை. முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் கீரிப்பாறைக்குப் பெனால்டி கிடைத்தது. அவர்களுடைய ஷாஜன் பந்தை வைத்தான். மைதானம் அடங்கியது. "மக்கா, ஒண்ணு எடுத்து விடு," என்றார் ஆன்ஸ்லின்.

என்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்திருந்தது. ஒன்றைத் தவிர.

"ஷாஜனே, கீப்பருக்க வலது பக்கமா அடி! குளச்சல் கீப்பர் அந்தப் பக்கம் விழமாட்டாரு. அங்க போற பந்துக்கு டாட்டா காட்டி அனுப்புவாரு!"

கூட்டம் சிரித்தது. ஃபாயிஸ் மட்டும் திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தான். பந்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில், மரத்தில் கட்டிய அந்தத் தகரத்தைப் பார்த்தான்.

ஷாஜன் அந்தப் பக்கமே அடித்தான். ஃபாயிஸ் வலது பக்கமே பாய்ந்தான். விரல் பட்டது, பந்து நிற்கவில்லை. விழுந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் கிடந்தான். சேக் மைதீன் ஓடிப்போய்க் குனிந்தார். நான் மைக்கில் "கோல்" என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

ஆட்டம் முடிந்ததும் ஆன்ஸ்லின் ஒரு சீப்புச் செவ்வாழைப்பழத்தை என் கையில் திணித்தார். கோல் அடிப்பவனுக்கு யாரோ அறிவித்திருந்த குலை. பாதி கோல் மைக்காரனுடையது என்று ஷாஜனே பிய்த்துக் கொடுத்தானாம்.

திரும்பும் பஸ் இல்லை. வளைவு தாண்டி எங்கள் டெம்போ நின்றிருந்தது. ஒரு ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"மச்சான், ரப்பர் மரம் ஒன்ன மறைக்காது. வந்து ஏறு," என்றான் ஃபாயிஸ் உள்ளிருந்து.

ஏறினேன். அவனுடைய வலது கையைத் துண்டால் கழுத்தோடு கட்டியிருந்தார்கள். சேக் மைதீன் அவன் கிளவுஸைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"தோளு இப்பிடி இருக்குன்னு ஏம்லே சொல்லல்ல? இனி இந்த வருசம் நீ கோலுல நிக்காண்டாம்." ஃபாயிஸ் தலையாட்டினான். கேப்டன் என் பக்கம் திரும்பினார். "என்னப் பாத்து ஓடுதானா நிக்குதானான்னு கேட்டாம்லா ஒரு மைக்காரன், அவன் மட்டும் கையில கெடச்சாம்னா! நீ அவனுக்கு நல்லதா ஒண்ணு விடுலே, கேப்போம்."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"அந்த மைக்காரன் நான்தான்," என்றேன். "இந்தப் பழம் அதுக்குக் கெடச்சது."

அதுவும் என் கிண்டல் என்று டெம்போ அதிரச் சிரித்தார்கள். தோற்ற பிறகு அவர்கள் சிரித்தது அப்போதுதான். சேக் மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீப்பை வாங்கி ஆளுக்கொன்று பிய்த்துக் கொடுத்தார். ஒன்றை உரித்து, கை கட்டியிருந்த ஃபாயிஸின் வாயருகே நீட்டினார்.

"இல்ல காக்கா, சத்தியமா நான்தான்," என்றேன் கேப்டனிடம்.

"பொய் பறயாதல," என்றான் ஃபாயிஸ், வெளியே பார்த்தபடி. "நீ ஆட்டம் முடிஞ்ச பொறவுதான வந்த."

பழத்தை அவன் வாங்கவில்லை. மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மூன்றாவது முறையும் சொன்னேன்.