அப்பா கைவைத்த பக்கம்

அந்தப் பல் மருத்துவருக்கு எதாவது அரைகுறையாக இருப்பதைப் பார்த்தால் போதும், சரிசெய்யக் கை பரபரக்கும். மகளின் பள்ளியிலோ இந்த முறை அறிவியலுக்குத் தேர்வே கிடையாது. நான்கு பேர் சேர்ந்து ஒரு கருவி செய்ய வேண்டும். செய்யச் செய்ய படம், வீடியோ, குறிப்பு எல்லாவற்றையும் இணையத்தில் ஒரே பக்கத்தில் சேர்க்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் மதிப்பெண். மகளின் குழு செய்தது, கரியும் மணலும் போட்டுக் கலங்கல் தண்ணீரை வடிகட்டும் கருவி.

ஞாயிற்றுக்கிழமை மகள் மடிக்கணினியை மூடாமல் விளையாடப் போய்விட்டாள். அப்பா எட்டிப் பார்த்தார். எழுத்துப் பிழைகள், மங்கலான படங்கள். போதாக்குறைக்கு ஒரு வீடியோவில், ஊற்றிய தண்ணீரைவிட வடிந்த தண்ணீர் கன்னங்கரேலென்று இருந்தது.

"ஐயோ, மானம் போயிடும்!" என்று உட்கார்ந்தவர் எழுந்தபோது பக்கம் பளபளத்தது. கறுப்புத் தண்ணீர் வீடியோ போன இடம் தெரியவில்லை.

மறுநாளே பெற்றோர் முன்னிலையில் குழுக்கள் விளக்க வேண்டிய நாள். பெரிய திரையில் பக்கம் விரிந்ததும் நான்கு பிள்ளைகளும் திருதிருவென்று விழித்தார்கள்.

"'பரப்புக்கவர்ச்சி'ன்னு எழுதியிருக்கீங்களே, அப்படின்னா என்னம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

மகள் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். "அது எங்க அப்பா எழுதினது டீச்சர். அவரையே கேளுங்க."

அறையே கொல்லென்று சிரித்தது. மருத்துவர் அசடு வழிய எழுந்து, அழுக்கு கரியின்மேல் ஒட்டிக்கொள்வதைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார்.

டீச்சர் விடவில்லை. "சரி சார், அந்தக் கரியை எப்படித் தயார் பண்ணினீங்க?"

அவர் மகளைப் பார்த்தார்.

"டீச்சர், பழைய பக்கத்தைத் திருப்பிக் கொண்டுவரலாம்!" என்று குழுவில் ஓயாத பேச்சால் 'ரேடியோ' என்று பேரெடுத்தவன் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினான். கறுப்புத் தண்ணீர் திரையில் சொட்டியது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அந்த நால்வர்தான்.

"கரியைக் கழுவாமப் போட்டுட்டோம். தூள் எல்லாம் இறங்கிடுச்சு!"

"கழுவின அப்புறமும் மணல் விழுந்துது. பக்கத்துக் குழுதான் 'அடியில துணி கட்டுங்க'ன்னு எங்க இணையப் பக்கத்துல எழுதினாங்க!"

ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து, கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்த கதைவரை கொட்டித் தீர்த்தார்கள். டீச்சர் தாராளமாகவே மதிப்பெண் போட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா மெல்லக் கேட்டார். "ஏம்மா, அத்தனை பேர் முன்னாடி என்னைக் காட்டிக்கொடுத்திட்டியே?"

"நாலு பேரோட மார்க்குப்பா. உங்க ஒருத்தர் மானத்துக்காக அதை விட முடியுமா?"

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.