கிராணியின் கழுத்து வில்லை

முருகையா யாரையும் நம்பமாட்டார். நம்பிக் கெட்டதைவிட நம்பாமல் கெட்டதுதான் அவர் வாழ்க்கையில் அதிகம். அது அவருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரை நம்பாமல் கண்டக்டரிடம் கேட்பார். கண்டக்டர் சொன்னதை நம்பாமல் உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பார். அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றதில் பஸ்ஸே போய்விட்டதும் உண்டு. போன பஸ்ஸைப் பார்த்து, "நல்ல வேள, அது நம்ம பஸ்ஸா இருக்காது" என்பார்.

ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தபின் கெடா மாநிலத்துப் புக்கிட் செலம்பாவில் ஒரு துண்டு ரப்பர் நிலம், ஒரு பலகை வீடு, மனைவி பாப்பம்மா, ஒரு கருப்பு நாய். இவ்வளவுதான் அவர் குடித்தனம். நாயின் பெயர் கிராணி. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதி நாற்காலி தேய்த்த கிராணிமார் மேல் இருந்த பழைய கடுப்பில் வைத்த பெயர். பெயருக்கு ஏற்றபடி அதுவும் நாளெல்லாம் நிழலில் உட்கார்ந்திருக்கும். வேளை தவறாமல் தின்னும். யாராவது ஏதாவது கேட்டு வந்தால் உறுமும்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஒரு நாள் கால்நடை இலாகாவின் வேன் ஒலிபெருக்கியோடு வந்தது. ஊரில் அதை ஹைவான் ஆபீஸ் என்பார்கள். சியாம் எல்லை பக்கத்தில் இருப்பதால் கெடாவில் எல்லா நாய்க்கும் வருஷம் தவறாமல் வெறிநாய் ஊசி போட வேண்டும்; ஊசி போட்ட நாய்க்குக் கழுத்தில் மாட்ட ஒரு தகர வில்லை தருவார்கள்; வில்லை இல்லாத நாயைச் சுட்டுவிடுவார்கள் என்று வேன் சொல்லிக்கொண்டே போனது.

"சனிக்கிழம கூட்டிட்டுப் போய்ட்டு வந்துருங்க" என்றாள் பாப்பம்மா.

"எதுக்கு? வீரன் செத்த மாதிரி இதுவும் சாகவா?"

வீரன் தோட்டத்தில் இருந்தபோது வளர்த்த நாய். ஊசி போட்டுக் கூட்டிவந்த வாரமே மூக்கில் சளி ஒழுகி, பின்னங்கால் இழுத்து, தாடை வெடவெடவென்று ஆடிச் செத்துப்போனது. அன்றிலிருந்து நாய்க்கு ஊசி என்றாலே முருகையாவுக்கு ஆகாது.

"அது ஊசியாலதான் செத்துச்சுன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். அதுவும் வருஷா வருஷமாம்ல! எனக்கு அம்ம குத்துனது ஒரே தடவ. இந்தா தழும்பு. அம்ம வந்துச்சா?"

"உங்களுக்கெல்லாம் வராதுங்க. அதுக்கும் பயம் இருக்கும்ல."

நாய் சுடப்படவும் கூடாது, ஊசியும் கூடாது. முருகையா சாயங்காலம் முழுக்க யோசித்தார். அவர் யோசித்தால் வீட்டில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் என்று பாப்பம்மா சொல்வாள். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த யோசனை பெரட்டில் பழகியது.

தோட்டத்தில் விடியுமுன் ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் இடம்தான் பெரட்டு. ஒருவன் எழுந்து வர முடியாவிட்டால், கங்காணி இருட்டில் பெயரைக் கூப்பிடும்போது கூட்டத்துக்குள்ளிருந்து இன்னொருவன் அவனுக்காகக் குரல் கொடுப்பான். கங்காணிக்குக் குரல் கேட்டால் போதும், முகத்தையா பார்த்தான்? முருகையா எத்தனையோ பேருக்காகக் குரல் கொடுத்தவர். ஆளுக்கு ஆள் செய்ததை நாய்க்கு நாய் செய்தால் என்ன?

பக்கத்து வீட்டு மரியராஜ் தோட்டத்து லோரி ஓட்டுகிறவன். அவனிடமும் ஒரு கருப்பு நாய் இருந்தது. பெயர் சீசர். கிழடு. வாலை மிதித்தால்கூட மன்னித்துவிடும். சனிக்கிழமை காலையில் தோட்டத்துத் திடலில் மரியராஜ் அதற்கு ஊசி போட்டு வில்லையும் மாட்டிவிட்டான். சாயங்காலம் இந்தப் பக்கத்துக் கிராமத்தில், பாலாய் ராயா என்ற ஊர்ப் பொதுமண்டபத்தில் ஊசி. அதற்கு முன்னால் முருகையா மரியராஜ் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தம்பி, ஒன் நாயக் கொஞ்சம் குடு."

"எதுக்குண்ணே?"

விஷயத்தைக் கேட்டதும் மரியராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். "ஐயோ, ஒரே நாளைக்கு ரெண்டு ஊசியா? பாவம்ணே அது. அப்பறம் நான் பாதர்கிட்டப் போய் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"நாய் ஊசிக்கெல்லாமாடா பாவசங்கீர்த்தனம்? ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு பலம். எனக்குத்தாண்டா நட்டம்."

சீசரின் கழுத்து வில்லையைக் கழற்றி வைத்துவிட்டுக் கூட்டிப்போனார். மண்டபத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவன் ஹெர்பர்ட். ஹைவான் ஆபீசில் உதவியாளன், தமிழ்ப் பையன், கண்ணாடி போட்டவன். சீசரைப் பார்த்ததும் கையில் ஊசியோடு நின்றான்.

"இந்த நாயக் காலைல பாத்த மாதிரி இருக்கே, பெரியவரே?"

"கருப்பு நாய் எல்லாம் ஒண்ணு போலத்தான் தம்பி இருக்கும். என்னையும் எங்க கங்காணிக்கு அடையாளம் தெரியாது."

"பேரு?"

"கிராணி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹெர்பர்ட்டும் சிரித்தான். சிரிப்போடு ஊசி இறங்கிவிட்டது. சீசர் முருகையாவை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தது. அதற்குப்பின் அவர் தலையைக் கண்டாலே லோரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வில்லை கிராணியின் கழுத்தில் ஏறியது. "போட்டாச்சு" என்றார் பாப்பம்மாவிடம். அவளும் நம்பிவிட்டாள். நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் அவளுக்கு ஆளை நம்பும் குணம் போகவில்லையே என்று முருகையா வருத்தப்பட்டார்.

மழைக்காலம் தொடங்கும் சமயம், எங்கிருந்தோ வந்த செம்பட்டை நாய் ஒன்று பால்மரங்களுக்கு நடுவில் கிராணியோடு கட்டிப் புரண்டது. கிராணி காது கிழிந்து வந்தது. முருகையா மஞ்சளைக் குழைத்துக் காதில் அப்பினார். எரிச்சலில் கிராணி வெடுக்கென்று அவர் கையைக் கவ்வியது. ரத்தம் வந்தது. மிச்ச மஞ்சளைத் தன் கையில் தடவிக்கொண்டார்.

மறுநாள் மரியராஜ் லோரியை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். "அண்ணே, செம்பட்ட நாய் ஒண்ணு பக்கத்துத் தோட்டத்துல வாயில நொர தள்ளிக்கிட்டு மாட்டக் கடிச்சுச்சாம். சுட்டுட்டாங்க. வெறியான்னு பாக்க தலைய ஈப்போ லேபுக்கு அனுப்பியிருக்காங்க. நம்ம பக்கந்தான் சுத்திட்டு இருந்துச்சாம்."

"அதுதான் நம்ம கிராணியோட சண்ட போட்டது" என்றாள் பாப்பம்மா. "நல்ல வேள, வில்ல இருக்கு. ஊசி போட்ட நாய், பயமில்ல."

மரியராஜ் முருகையாவைப் பார்த்தான். முருகையா கூரையைப் பார்த்தார்.

ஊரில் எல்லாரும் அந்த வில்லையை நம்பினார்கள். அரசாங்கம் நம்பியது, பாப்பம்மா நம்பினாள், வருகிற போகிறவர்கள் நம்பினார்கள். அதை நம்ப முடியாத ஒரே ஆள், அதைக் கொண்டுவந்து மாட்டியவர்தான். உலகத்தையே சந்தேகப்பட்ட மனுஷன், சந்தேகப்பட வேண்டிய ஆளை மட்டும் விட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வெறி பிடித்தவனுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வரும் என்று கேள்விப்பட்டிருந்தார். அதனால் ஒரு குவளை தண்ணீர் குடித்துப் பார்த்தார். இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குவளை. தொட்டியை எட்டிப் பார்த்தார், பயமில்லை. அது போதுமா என்று சந்தேகம் வந்து குளித்தார். பொழுது சாய்ந்ததும் மறுபடி குளித்தார். கிராணியின் முன்னாலும் ஒரு சட்டி தண்ணீரை வைத்துவிட்டு எட்ட நின்று, "குடிடா, குடிடா என் ராசா" என்று கெஞ்சினார். அது குடிக்காமல் அவரையே பார்த்தது. சட்டியில் மீன் குழம்பு வாடை அடித்ததுதான் காரணம் என்று பாப்பம்மா வேறு சட்டியில் வைத்த பின்புதான் தெரிந்தது.

"என்னங்க ஆச்சு ஒங்களுக்கு? கல்யாணத்துக்குக்கூட இப்படிக் குளிக்கலியே நீங்க?"

அப்போது சொல்லிவிட்டார். பாப்பம்மா கத்தவில்லை. கையைப் பிடித்துக் காயத்தைப் பார்த்தாள். பிறகு கிராணியைப் பார்த்தாள்.

"சொன்னா நாயக் கொன்னுருவாங்க" என்றார் முருகையா.

"சொல்லாட்டி?"

கிராணி அவர் காலடியில் வந்து படுத்தது. கடித்தவனுக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை. பொய் வில்லை கழுத்தில் பளபளத்தது. வேறு யாரையாவது இது கடித்து, அவர்களும் அந்த வில்லையை நம்பிச் சும்மா இருந்துவிட்டால்? பக்கத்து வீட்டில் மரியராஜின் பிள்ளைகள் இதன் முதுகில் ஏறி விளையாடுகிறவர்கள். முருகையா எழுந்து சட்டையைப் போட்டார்.

மரியராஜின் லோரியில் கிராணியை ஏற்றிக்கொண்டு சுங்கை பட்டாணி ஹைவான் ஆபீசுக்குப் போனார்கள். ஹெர்பர்ட் மேசைக்குப் பின்னால் இருந்தான். முருகையா சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, அன்னைக்கு நீ ஊசி போட்டது இவனுக்கில்ல. இந்தா நிக்கிறானே, இவன் நாய்க்கு. இதுக்கு ஊசியே போடல. இது என்னக் கடிச்சிருச்சு. இதக் கடிச்சது அந்தச் செம்பட்ட நாய்."

ஹெர்பர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். "காயத்த சோப்புப் போட்டுக் கழுவுனீங்களா?"

"மஞ்சள் வச்சேன்."

"கறி வைக்கவா கேட்டேன்? மொதல்ல அந்தக் குழாய்ல கழுவுங்க, நல்லா நேரமெடுத்து. கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. இன்னைக்கே ஊசி ஆரம்பிக்கணும். நாய் இங்க கூண்டுல இருக்கட்டும்."

"கொன்னுருவியா?"

"நெஜமா ஊசி போட்ட நாயா இருந்தா, இன்னொண்ணு போட்டு, வீட்லயே கட்டி வைங்கன்னு சொல்லியிருப்பேன். இப்ப ஈப்போவுல இருந்து பதில் வரட்டும். அந்த நாய்க்கு வெறின்னு வந்தா என் கைல ஒண்ணுமில்ல பெரியவரே."

முருகையா கூண்டுக்கு முன்னால் குந்தினார். "வீரன் ஊசியாலதான் செத்தான்னு நெனச்சேன் தம்பி" என்று சொல்லி, அந்த நாய் செத்த விதத்தையும் சொன்னார்.

"மூக்குல சளி, கால் இழுப்பு, தாட ஆட்டமா? அது வேற நோய். நாங்க ஊசி போடறதுக்கு முன்னாடியே அது ஒடம்புல இருந்திருக்கும். எங்க ஊசி வெறிக்கு மட்டுந்தான். அது இங்க சட்டம், வருஷத்துக்கு ஒரு தடவ. நீங்க சொன்ன நோய்க்குத் தனி ஊசி இருக்கு. இப்பப் புதுசா ரத்தமா பேதி போற நோய் ஒண்ணு வந்திருக்கு, குட்டிங்க நெறையச் சாகுது. அதுக்கும் ஊசி இருக்கு. ரெண்டும் சட்டமில்ல, ஆனா போடணும். டவுன்ல நாய் டாக்டர் போடுவாரு. குட்டியா இருந்தா சில வாரம் விட்டு விட்டு மறுபடி போடணும். பெரிய நாய்னா அவரு சொல்றபடி, அப்பறம் வருஷா வருஷம்."

"குட்டிக்கு ஏன் திரும்பத் திரும்ப?"

"தாய்ப்பால்ல வந்த பலம், ஊசி மருந்த வேல செய்ய விடாது. அந்தப் பலம் எப்ப கொறையும்னு தெரியாது. அதனால ஒரு தடவ போட்டத நாங்க நம்பறதில்ல."

முருகையா நிமிர்ந்து பார்த்தார். போட்ட ஊசியையே நம்பமாட்டார்களாம்! போன வருஷத்து ஊசியையும் நம்பாமல் இந்த வருஷம் மறுபடி போடுவார்களாம்! இவ்வளவு பெரிய சந்தேகக்காரர்களையா இத்தனை நாளாகச் சந்தேகப்பட்டோம்? இவர்கள் நம்ம ஜாதியல்லவா என்று அவருக்குத் தோன்றியது. இது முன்னமே தெரிந்திருந்தால் முதல் ஆளாக வந்து நின்றிருப்பார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஊசி போட்டபோது அவர் போட்ட சத்தத்தில், வாசலில் நின்ற மரியராஜ் வேறு யாரோ பிரசவ வேதனையில் இருக்கிறார்கள் என்று நினைத்தானாம். இனி குறிப்பிட்ட நாட்களில் தவறாமல் வர வேண்டும் என்றார்கள். முருகையா தவறாமல் போனார். போகிற வழியில் கூண்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போவார். கிராணி நன்றாகத் தின்றது, தண்ணீர் குடித்தது, ஹெர்பர்ட்டைப் பார்த்து உறுமியது. பதில் வராமல் முருகையாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை ஈப்போவிலிருந்து பதில் வந்தது. செம்பட்டை நாய்க்கு வெறி இல்லை. ஏதோ விஷத்தைத் தின்றிருக்கிறது.

முருகையா உடனே கதவைத் திறக்கச் சொல்லவில்லை. "நல்லாப் பாத்தாங்களா? தலை மாறிப் போயிருக்காதே?" என்று கேட்டார்.

"எல்லாரும் ஒங்கள மாதிரி நாய மாத்துவாங்களா, பெரியவரே?" என்றான் ஹெர்பர்ட்.

கிராணியை மேசைமேல் ஏற்றினார்கள். இந்தத் தடவை ஹெர்பர்ட் அதன் மார்பைப் புரட்டி, வயிற்றைப் புரட்டி, கிழிந்த காதைத் தொட்டு, அடையாளம் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தான். "வருஷா வருஷம் என் கையாலதான் போடுவேன். பாலாய் ராயா பக்கமெல்லாம் நீங்க வரக் கூடாது. நேரா இங்கதான்." அரசாங்கத்தை நம்பாத முருகையாவை இப்போது அரசாங்கமும் நம்பவில்லை. அவர் மறு பேச்சு பேசாமல் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்தே டவுன் டாக்டரிடமும் கூட்டிப்போய், மற்ற இரண்டு நோய்க்கும் ஊசியை ஆரம்பித்தார். அடுத்தது எப்போது என்று டாக்டர் சொன்னதை, வெளியே காத்திருந்த சீனக் கிழவியிடமும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். இனி மிச்ச ஊசி வேண்டியதில்லை என்று மிஸ்ஸி, அதாவது அங்கிருந்த நர்ஸ், அனுப்பிவிட்டாள்.

வீட்டில் பாப்பம்மா கிராணியை அணைத்துத் தலையைத் தடவினாள். அதற்குக் கோழிக்கால் வந்தது. முருகையாவுக்குச் சோறு வந்தது. ஆனால் தட்டை நீட்டித் தள்ளி வைத்துவிட்டு, அவள் மட்டும் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"என்னடி?"

"நாளைக்குப் போயி மிச்ச ஊசியையும் போட்டுட்டு வந்துருங்க."

"வேணாம்னு மிஸ்ஸியே சொல்லிட்டாடி!"

"மிஸ்ஸி சொன்னான்னு நீங்கதான சொல்றீங்க" என்றாள் பாப்பம்மா.